குல்மார்க்கில் பனிச்சறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு குளிர்காலமாகக் குல்மார்க் போய்வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்துவிடும்: அலுவலகத்தில் ஒருவர், சித்தி மகன், மாடி வீட்டுக்காரர் என்று யாராவது அதே சந்தேகங்களோடு வருவார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஷ்மீர் சுற்றுலாவில் குல்மார்க்குக்கு நாம் ஒதுக்குவது அரை நாள். கோண்டோலாவில், அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகும் கூண்டில் ஏறி, நாலு படம் எடுத்து, ஸ்லெட்ஜில் உட்கார்ந்து இழுபட்டு, சாயங்காலம் ஸ்ரீநகர் திரும்பிவிடுகிறோம். ஐந்து நாள் தங்கி ஸ்கீ, அதாவது இரண்டு காலிலும் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது, பழகுவதற்கு நம் நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அது தெரியாமலே திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

குல்மார்க் எங்கே இருக்கிறது? மணாலி பக்கமா?

இல்லை. மணாலி இமாச்சலப் பிரதேசம். குல்மார்க் காஷ்மீர் பள்ளத்தாக்கில், பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அடிவாரத்தில் தங்மார்க் என்ற சிறு ஊர். அங்கிருந்து பைன் காட்டுக்குள் வளைந்து வளைந்து 13 கிலோமீட்டர் ஏறினால் காடு சட்டென்று விலகி, கிண்ணம் போல ஒரு புல்வெளி வரும். அதுதான் குல்மார்க். கோடையில் கோல்ஃப் மைதானம். குளிர்காலத்தில் அதே மைதானத்தின் மேடுகள்தான் புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். அதாவது தொட்டபெட்டா முடிகிற உயரத்தில் குல்மார்க் தொடங்குகிறது. அங்கிருந்து கோண்டோலா இரண்டு கட்டமாக அஃபர்வட் மலையின் தோளில், ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடும்.

எனக்கு 41 வயது. பனியையே பார்த்ததில்லை. இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். நான் தொடங்கியது 38-இல். என்னோடு அந்த வாரம் பழகியவர்களில் ஐம்பதைத் தாண்டிய ஒரு வங்கி அதிகாரி இருந்தார். எங்கள் எல்லோரையும்விட பொறுமையாக, ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர் அவர்தான். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். மற்றவர்கள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தினமும் உட்கார்ந்து எழுந்து தொடையைப் பழக்கினால் போதும்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதி குறைந்துவிடும். முதல் ஒரு மணி நேரம் சறுக்கவே மாட்டீர்கள். ஒரு காலில் மட்டும் ஸ்கீயை மாட்டிக்கொண்டு சமதளத்தில் நடக்கச் சொல்வார்கள். அப்புறம் பக்கவாட்டில் நண்டு மாதிரி மேடு ஏறுவது, அப்புறம் விழுந்து எழுவது. எழுவதுதான் பலருக்கும் கஷ்டம். விழுந்ததும் ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டு எழ வேண்டும். கீழ்நோக்கி வைத்துக்கொண்டு எழப் பார்த்தால் அது நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மத்தியானத்துக்குள் ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, கூரை முகடு போல வைத்து வேகத்தைக் குறைக்கப் பழகிவிடுவீர்கள். என் பயிற்சியாளர் தன் கோலால் பனியில் அந்த வடிவத்தைக் கீறிக் காட்டி, அதன் மேலேயே என்னை நிற்க வைத்தார். வேறு எந்த விளக்கமும் எனக்கு அவ்வளவு உதவவில்லை.

மூன்றாம் நாள் இடமும் வலமும் திரும்ப வரும். ஐந்தாம் நாள் சின்ன சரிவில் நினைத்த இடத்தில் நிற்க முடியும்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா? எதை முதலில் எடுப்பது?

ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் ஸ்கீ. இரண்டு கால்களும் தனித்தனியாக இருப்பதால் முதல் நாளே நின்று நகர முடிகிறது. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டப்பட்டிருக்கும். முதல் இரண்டு நாள் உட்காருமிடத்திலும் மணிக்கட்டிலும்தான் விழுவீர்கள். மணிக்கட்டுக்குக் காப்பு போடாமல் தொடங்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு நாளைத் தாண்டிவிட்டால் ஸ்னோபோர்டு வேகமாகக் கைவசப்படும். ஸ்கீயில் தொடக்கம் சுலபம், நேர்த்தி வருவதற்குத்தான் வருஷங்கள் ஆகும்.

குல்மார்க்குக்கே உரிய ஒரு விஷயம்: புல்வெளி கிண்ணம் போல என்றேன் அல்லவா? அதன் நடுப்பகுதி சமதளம். ஸ்கீக்காரர் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஸ்னோபோர்டுக்காரர் ஒரு காலைக் கழற்றித் தள்ள வேண்டும், அல்லது பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மேலே ஆழமான புதுப்பனியில் ஸ்னோபோர்டு தருகிற சுகம் தனி. ஆனால் அது கற்றுக்கொண்ட பிறகு.

எந்த மாதம் போகலாம்? கிறிஸ்துமஸ் லீவில் போனால் பனி இருக்குமா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில்தான் அங்கே பனிக்காலம் சூடுபிடிக்கும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சுழற்சிகள்தான் காஷ்மீருக்குப் பனி கொடுக்கின்றன. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள், பெருங்குளிர். அடுத்த இருபது நாள் சில்லை குர்த், அதற்கடுத்த பத்து நாள் சில்லை பச்சா. பெருங்குளிரின் கடைசி நாட்களிலும் அதற்கடுத்த இந்த முப்பது நாளிலும், அதாவது ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய, பனி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி நடுப்பகுதி.

ஆனால் இப்போது எந்த மாதத்துக்கும் யாரும் உறுதி தர முடியாது. 2024 ஜனவரியில் கடைசி வாரம் வரை புல்வெளி பழுப்பாகவே கிடந்தது. 2025-இல் பனி இல்லாததால் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டி மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அதனால் விமானச் சீட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். அறைக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிடாதீர்கள். மார்ச் முதல் பாதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் இறுகிய பனி, பத்து மணிக்கு மேல் மிருதுவாகிவிடும், கூட்டமும் குறைவு, வெயிலும் இதம். பழகுகிறவர்களுக்கு நல்ல காலம்.

பருவத்தின் முதல் பனி விழும்போது அங்கே இருக்க வாய்த்தால், யாரைப் பார்த்தாலும் "ஷீன் முபாரக்" என்று சொல்லுங்கள். ஷீன் என்றால் காஷ்மீரியில் பனி. அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது? ரயிலில் போக முடியுமா?

பெரும்பாலோர் டெல்லி வழியாக ஸ்ரீநகருக்குப் பறந்து, அங்கிருந்து டாக்ஸியில் போகிறார்கள். குளிர்காலத்தில் ஸ்ரீநகர் விமான நிலையம் பனிமூட்டத்தாலும் பனிப்பொழிவாலும் ஒரு நாள் முழுக்க முடங்குவதுண்டு. திரும்பும்போது ஸ்ரீநகரில் ஒரு இரவு கையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஞாயிறு சாயங்கால விமானத்தை நம்பக் கூடாது.

ரயிலிலும் இப்போது முடியும். சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரியிலிருந்து ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் ஜம்முவுக்கு அருகே உள்ள கட்ரா வரை போகின்றன. 2025 ஜூனிலிருந்து கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே வந்தே பாரத் ஓடுகிறது. நாள் அதிகம் பிடிக்கும். ஆனால் செனாப் பாலத்தின் மேல் ரயில் போகும் அந்தச் சில நொடிகளுக்காகவே ஒரு முறை போகலாம்.

தங்மார்க்கில் வண்டியை மறித்துவிடுவார்கள் என்கிறார்களே?

சாலையில் பனி இருந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டாத சாதாரண வண்டிகளை மேலே விட மாட்டார்கள். அது நம் நல்லதுக்குத்தான். தங்மார்க்கில் இறங்கி, சங்கிலி கட்டிய வண்டிக்கோ நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கோ மாற வேண்டும். இந்தச் செலவு ஸ்ரீநகர் டாக்ஸி பேசும்போது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. "குல்மார்க் ஹோட்டல் வாசல் வரைக்குமா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. வழியில் ஒரு கடை முன் வண்டியை நிறுத்தி, ரப்பர் பூட்ஸும் கோட்டும் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே விட மாட்டார்கள் என்பார்கள். முதல் தடவை நானும் நம்பி எடுத்தேன். ஈரம் காயாத பூட்ஸ், இரண்டு நாள் கால் விறைத்துப் போனது. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

மொத்தம் எவ்வளவு ஆகும்? நேரடியாகச் சொல்லுங்கள்.

கடந்த முறை நண்பரோடு போனபோது எழுதி வைத்த கணக்கு இது. ஸ்கீ, பூட்ஸ், கோல் மூன்றுக்கும் சேர்த்து நாள் வாடகை 1,000 ரூபாய். பயிற்சியாளருக்கு நாளொன்றுக்கு 2,000, இருவரும் பங்கிட்டோம். அறை இரவுக்கு 3,500, அதுவும் பாதி. சாப்பாடு ஒரு நாளைக்கு 800. ஆறு இரவு, ஐந்து நாள் பயிற்சி, ஸ்ரீநகரிலிருந்து போக வர வண்டி எல்லாம் சேர்த்து என் பங்கு 30,000 ரூபாய்க்குள் முடிந்தது. விமானம் தனி. கோண்டோலா தனி, அதற்கு ஆன்லைனில்தான் சீட்டு, போகும் முன் அந்த வருஷக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து சறுக்குகிறவர்களுக்கு நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஸ்கீ பாஸ் உண்டு. பழகும் வாரத்தில் அது தேவைப்படாது.

இது எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு ஒப்பீடு: ஆல்ப்ஸ் மலையின் பெரிய ஸ்கீ ஊர்களில் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு 70 யூரோவுக்கு மேல் ஆகும். அமெரிக்காவில் வேய்ல் போன்ற இடத்தில் கூட்ட நாளில் கவுன்டரில் வாங்கினால் 300 டாலரைத் தாண்டிவிடும். குல்மார்க்கின் மேல்சரிவுகளில் கிடைக்கும் பனிக்காக அந்த நாடுகளிலிருந்தே வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள்.

அறை வாடகைதான் கையைக் கடிக்கும். தங்மார்க்கில் தங்கினால் மிச்சம், ஆனால் தினமும் மேலே போய்வரும் வண்டிச் செலவும், பனி கொட்டும் நாளில் சாலை மூடப்படும் அபாயமும் இருக்கிறது. நான் மேலேயே தங்கிவிடுவேன்.

அரசு பயிற்சி நிலையத்தில் சேரலாமா, தனியாக ஆள் வைத்துக்கொள்ளலாமா?

பதினைந்து நாள் விடுப்பு கிடைக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், அரசு நிறுவனத்தில் சேருங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. பஹல்காமில் இருக்கும் ஜவஹர் மலையேற்றம் மற்றும் குளிர்கால விளையாட்டு நிறுவனமும் குல்மார்க்கில் ஸ்கீ வகுப்பு நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ எல்லாம் சேர்த்துக் கட்டணம் மிகவும் குறைவு. காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுவார்கள், ஒழுங்கு கண்டிப்பாக இருக்கும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுவதால் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு வாரம்தான் முடியும் என்றால் தனிப் பயிற்சியாளர். வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களில் முறையாகப் படித்தவர்களும் உண்டு, ஸ்லெட்ஜ் இழுப்பவரே ஸ்கீ மாட்டிவிடுவதும் உண்டு. சான்றிதழ் அட்டையைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். நல்ல பயிற்சியாளர் அதைக் கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார். இவர்களில் பலர் தங்மார்க் பக்கத்துக் கிராமங்களில் பிறந்து, மரப்பலகையைக் காலில் கட்டிச் சறுக்கிய சிறுவர்களாகத் தொடங்கியவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர் ஆரிஃப் கான் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவருடைய தந்தை குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவர். கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் ஆரிஃப் 45-ஆம் இடம் பிடித்தார். லிஃப்ட் வசதியில் ஐரோப்பாவோடு ஒப்பிடவே முடியாத ஒரு மலையிலிருந்து போய் அந்த இடம். அங்கே யாரிடம் அவர் பெயரைச் சொன்னாலும் பத்து நிமிஷம் பேசுவார்கள்.

என்ன உடை எடுத்துப் போக வேண்டும்? ஜீன்ஸ் போதுமா?

ஜீன்ஸ் கூடவே கூடாது. விழுந்து எழும்போது நனையும், நனைந்தது காயாது, காயாத பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். இந்த மேலுடையை வாடகைக்கு எடுக்கலாம். கையுறை மட்டும் சொந்தமாக, தண்ணீர் புகாததாக, இரண்டு ஜோடி வாங்குங்கள். நனைந்த கையுறையோடு மதியம் வரை தாங்க முடியாது.

கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்கவே கூடாது. நம் நிறத்துக்கு வெயில் என்ன செய்யும் என்று நினைக்கிறோம். பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். மூக்கின் அடிப்பக்கமும் தாடைக்குக் கீழும் தோல் உரிந்து நான் திரும்பியிருக்கிறேன்.

வாடகை பூட்ஸ் காலை நெரிக்கிறது. ஒரு சைஸ் பெரிசு கேட்கலாமா?

இது எல்லோரும் செய்யும் தவறு. ஸ்கீ பூட்ஸ் செருப்பு மாதிரி சொகுசாக இருக்காது, இருக்கவும் கூடாது. பூட்ஸுக்குள் கால் மிதந்தால், நீங்கள் காலைத் திருப்பினாலும் ஸ்கீ திரும்பாது. விரல்கள் முன்சுவரில் மோதி மோதி நகம் கறுத்துவிடும்.

கடையில் இப்படிப் பாருங்கள். ஒரே ஒரு ஜோடி மெல்லிய, நீளமான காலுறை. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து புண்ணாகும். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, பின்னால் நன்றாக உட்கார வையுங்கள். கணுக்கால் பக்கத்துக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல் விலகி, கெண்டைக்கால் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்த வேண்டும். அந்த அழுத்தம்தான் ஸ்கீயை ஓட்டுகிறது. இதெல்லாம் சரியாக இருந்தும் கால் மரத்துப் போனால், கீழ்க் கொக்கிகளைத் தளர்த்துங்கள். சைஸை மாற்றாதீர்கள். காலுறைக்குள் தெர்மல் பேன்ட்டின் விளிம்பு சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், பாதி வலிக்கு அதுதான் காரணம்.

கோண்டோலாவில் இரண்டாவது கட்டம் போகாவிட்டால் குல்மார்க் போனதே வீண் என்கிறார்களே?

சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் போய்வரலாம், வானம் தெளிவாக இருந்தால் நங்கா பர்வதம் தெரியும். ஸ்கீ பழகுகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. முதல் கட்டம் கோங்டூரி வரை போகும். அதற்குக் கீழே காட்டை ஒட்டி இறங்கும் பாதையை இயந்திரத்தால் சமன் செய்து வைத்திருப்பார்கள். ஐந்து நாள் பயிற்சி முடிந்து, பயிற்சியாளர் சரி என்று சொன்னால் கடைசி நாள் அவரோடு அதில் இறங்கிப் பாருங்கள். இரண்டாவது கட்டத்தில் சமன் செய்த பாதையே கிடையாது. முழுக்க இயற்கையான மலை. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கோண்டோலாவில் ஒரு விபத்து நடந்ததே?

ஆமாம். 2017 ஜூன் 25 அன்று பலத்த காற்றில் ஒரு மரம் முறிந்து கம்பிவடத்தின் மேல் விழுந்தது. ஒரு கூண்டு கீழே விழுந்து ஏழு பேர் இறந்தார்கள், டெல்லியைச் சேர்ந்த ஒரு குடும்பமே அதில் போனது. முதல் கட்டம் 1998-லும் இரண்டாவது 2005-லும் ஓடத் தொடங்கியவை. காற்று கூடினால் நிறுத்திவிடுவார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு நிறுத்தினால் எரிச்சல் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அப்போது அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்வேன்.

மேலே மூச்சு முட்டுமா?

புல்வெளியில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. மாடி ஏறினால் கொஞ்சம் இரைக்கும். இரண்டாவது கட்டத்தின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் மூன்று பங்குதான். சென்னையிலிருந்து வந்த மறுநாளே அங்கே ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். இரண்டு இரவு கீழே தங்கிவிட்டு ஏறுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனால் மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் இறங்கிவிடுங்கள்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். ராஜ்மா, சோறு, ரொட்டி, தால் எங்கும் உண்டு. காஷ்மீரிகளும் சோற்றுக்காரர்கள் என்பது நமக்கு ஆறுதல். தயிருக்கு ஏங்குவீர்கள். ஊறுகாய் எடுத்துப் போங்கள். அசைவக்காரர்கள் விடிகாலையில் ஸ்ரீநகரில் ஹரீஸா என்ற இறைச்சிக் கூழைச் சாப்பிடாமல் திரும்ப வேண்டாம்.

போன் வேலை செய்யுமா?

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் செய்யும். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும், போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

காஷ்மீரா? வீட்டில் விட மாட்டார்களே. பாதுகாப்பு எப்படி?

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காம் அருகே பைசரனில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் 2024 அக்டோபரில் குல்மார்க்குக்கு மேலே போடாபத்ரி பக்கம் ராணுவ வண்டி தாக்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் கோடு அஃபர்வட் முகட்டிலிருந்து அதிகத் தூரமில்லை. ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியும் குல்மார்க்கில்தான் இருக்கிறது. போகும் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருக்கும்.

என் அனுபவத்தில் அந்த மக்கள் எங்களைத் தாங்கினார்கள். ஒரு வருஷம் சாலை மூடிக்கொண்டபோது, ஓட்டுநர் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், காங்ரியை, அதாவது அந்தத் தணல் சட்டியை, என் மடியில் வைத்துவிட்டு, கஹ்வா டீ போட்டுக் கொடுத்தார். இருந்தாலும், போ என்று நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. புறப்படும் வாரத்தின் நிலவரத்தையும் அரசு அறிவிப்பையும் பார்த்து, வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் போகும் பயணத்தில் நிம்மதி இருக்காது.

ஔலி இன்னும் மலிவு என்கிறார்களே, அங்கே போகலாமா?

உத்தராகண்டில் இருக்கும் ஔலி அழகான இடம், நந்தா தேவி சிகரம் நேர் எதிரே நிற்கும். ஆனால் அதற்குக் கீழே உள்ள ஜோஷிமட் ஊரில் நிலம் தாழத் தொடங்கியதால் 2023 ஜனவரியில் அங்கிருந்து போகும் ரோப்வேயை நிறுத்தினார்கள். பனியும் குல்மார்க்கைவிட நிச்சயமற்றது, போட்டிகளே பலமுறை ரத்தாகியிருக்கின்றன. ரிஷிகேஷிலிருந்து ஒரு நாள் முழுக்க மலைச்சாலை. டேராடூன், டெல்லிக்காரர்களுக்கு அது வசதி. நமக்கு இவ்வளவு தூரம் போவதற்குக் குல்மார்க்தான் சரி.

விழுந்து முழங்கால் திருகிக்கொண்டால்?

முதல் பாதுகாப்பு, வாடகைக் கடையில் உங்கள் எடையை உண்மையாகச் சொல்வது. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டில் ஒரு சிறு எண் இருக்கும். எடை, உயரம், திறமை, பூட்ஸின் நீளம் இவற்றைப் பார்த்து அதைத் திருகி வைக்க வேண்டும். எண் அதிகமாக இருந்தால் விழும்போது ஸ்கீ கழலாது, காலை முறுக்கிவிடும். குறைவாக இருந்தால் தேவையில்லாதபோது கழன்றுவிடும். முந்தைய ஆளுக்கு வைத்ததை அப்படியே தருகிறார்களா என்று கவனித்து, உங்களுக்கு வைக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் காப்பீடு. நம் மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கும். போவதற்கு முன் பத்திரத்தைப் படியுங்கள். எலும்பு முறிவு என்றால் ஸ்ரீநகர் வரை போக வேண்டியிருக்கும்.

இது எனக்கு மூன்றாவது முறை. இரண்டாவது கட்டத்திலிருந்து இறங்கலாமா? பனிச்சரிவு வருமாமே?

வரும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். 2010 பிப்ரவரியில், குல்மார்க்குக்கு மேலே உள்ள கிலன்மார்க்கில் பனிச்சரிவில் 17 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். இரண்டாவது கட்டத்துக்குக் கீழே இருப்பது மரங்களே இல்லாத மலைச்சரிவு. காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் பலகை போல அடுக்கிவைக்கும். புதுப்பனி கொட்டிய மறுநாள், நீல வானத்தோடு, பார்க்க மிக அழகாக இருக்கும் அந்தக் காலைதான் ஆபத்து மிகுந்தது.

மீட்புக் குழுவினர் கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள ஒரு பகுதியை மட்டும் சோதித்து, பாதுகாப்பாக்கி, பிறகுதான் திறப்பார்கள். அவர்கள் திறக்காத நாளில் போகாதீர்கள். முதல் கட்டத்துப் பாதையில் நிற்காமல், விழாமல், எந்தப் பனியிலும் இரண்டு பக்கமும் திரும்பி இறங்க முடிகிறதா? முடிந்தால், வழிகாட்டியோடு, திறந்த பகுதிக்குள் மட்டும் இறங்கலாம். நான் நான்காவது குளிர்காலத்தில்தான் அதைச் செய்தேன். தொடை வரை மூழ்கும் பனி, ஸ்கீயின் சத்தமே கேட்கவில்லை. கீழே வந்து நின்றபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் திறந்த பகுதியின் எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போகிறார்களே, அவர்கள் தடத்திலேயே போனால் பாதுகாப்புதானே?

இல்லை. நாலு பேர் கடந்த சரிவு ஐந்தாவது ஆளின் எடையில் உடையலாம். அதோடு அந்தத் தடம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அஃபர்வட்டின் பின்பக்கம் இறங்கிவிட்டால் கோண்டோலாவுக்குத் திரும்ப வழியில்லை. இருட்டும் வரை நடக்க நேரிடும்.

அவர்கள் முதுகுப்பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதைந்தவரைத் தேடும் சிக்னல் கருவி உடம்போடு கட்டியிருக்கும். பையில் மடக்கு மண்வெட்டியும், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியும். முழுவதும் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும், அதன் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். அந்த நேரத்துக்குள் மீட்புக் குழு வந்து சேராது, கூட இருக்கும் நண்பர்தான் தோண்ட வேண்டும். இந்தக் கருவிகள் குல்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. எடுத்தால் இருவரும் எடுங்கள். ஒருவரின் கருவியைப் பையோடு பனியில் புதைத்துவிட்டு, மற்றவர் கடிகாரம் பார்த்துத் தேடி எடுக்க வேண்டும். புல்வெளியில் ஒரு சாயங்காலம் முழுக்க அதையே செய்யுங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் எடுக்க முடியாத வரை கயிற்றுக்கு இந்தப் பக்கமே இருங்கள். முடிந்த பிறகும் வழிகாட்டி இல்லாமல் தாண்ட வேண்டாம்.